மலைமழைக்கு ஏற்ற உடை

மலைநாட்டின் எழிலைப் புகழ்வோர் பலர். ஆடி மாதத்து விடியற்காலையிலே, நனைந்த தேயிலைச் செடிகளின் நடுவே கூடையுடன் நிற்கும் பெண் என்ன உடுத்தி நிற்கின்றாள் என்று நோக்குவோர் மிகச் சிலரே.

அக்கரப்பத்தனை, நுவரெலியா மாவட்டத்திலே ஹோட்டன் சமவெளிக்கு அயலிலே அமைந்த தோட்டப் பகுதி. வைகாசி தொடங்கிப் புரட்டாதி வரை தென்மேற்குப் பருவக்காற்று இங்கே மழையையும் மூடுபனியையும் கொண்டுவந்து கொட்டும். கடல்மட்டத்திலிருந்து 1,000 மீற்றர் உயர, வெப்பநிலை ஏறக்குறைய 6.5 பாகை குறையும் என்பது கணக்கு. கொழும்பிலே 27 பாகையாயின், இங்கே 17 பாகை அல்லது அதற்குங் கீழே. குளிர்தேசத்தார் கேட்டால், இதுவும் ஒரு குளிரா என்று நகைக்கக்கூடும். ஆனால் அவர்கள் கூறும் குளிர் உலர்ந்த உடையிலே நிற்பவனுடைய குளிர். அசையாத காற்றைக் காட்டிலும் நீர் ஏறத்தாழ 25 மடங்கு விரைவாக வெப்பத்தைக் கடத்தும். ஆகவே நனைந்த துணி உடலோடு ஒட்டி, மேலே காற்றும் வீசுமாயின், 17 பாகையிலும் பல் கிட்டும். உடலின் உள்வெப்பம் 37 பாகையிலிருந்து 35க்குக் கீழே இறங்கினால் அது மருத்துவர் கவனிக்கவேண்டிய நிலை.

தமிழகத்தின் வறண்ட மாவட்டங்களிலிருந்து கோப்பித் தோட்டங்களுக்கு வந்த முன்னோர் பெரும்பாலும் உடுத்திய துணி பருத்தியே. மலையேறிய பின்னரே கறுப்புக் கம்பளி அவர்கள் தோளுக்கு வந்தது. தோட்டம் அதனை இலவசமாய் ஈந்ததென்று எண்ணிவிடலாகாது. அரிசியைப்போலவே அதுவும் முன்பணக் கணக்கில் எழுதப்பட்டுக் கூலியிலே கழிக்கப்பட்டது. ஆயினும் பொருள் நல்ல பொருள். ஆட்டு உரோமம் தன் எடையிலே ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு ஈரத்தை உறிஞ்சியும் சூட்டை முற்றாக இழப்பதில்லை. அதனை மடித்துத் தலையிலே கொங்காணியாகப் போட்டால், தலையும் முதுகும் ஒருங்கே மறையும். அதன் குற்றம் பாரம். நாள் முழுதும் நனைந்த கம்பளியைச் சுமப்பது இன்னொரு கூடையைச் சுமப்பதற்கு ஒப்பு.

ஒரே தடித்த உடையிலும் பல மெல்லிய உடைகள் மேலானவை என்பதற்கு மலையேறிகளின் அனுபவமே சான்று. 1924ஆம் ஆண்டு எவரெஸ்ட் சிகரத்தை நோக்கிச் சென்று மீளாத ஜோர்ஜ் மலோரியின் உடல் 1999இலே கண்டெடுக்கப்பட்டது. பட்டு, பருத்தி, கம்பளி என ஒன்றன்மேல் ஒன்றாய் அவர் அணிந்து, காற்றைத் தடுக்கும் இறுகநெய்த துணியை மேலே போட்டிருந்தார். அவ்வுடையைப் போலவே தைத்து 2006இலே எவரெஸ்டில் அணிந்து பார்த்தபோது, அது எதிர்பார்த்ததிலும் நன்றாய் உழைத்தது. அடுக்குகளுக்கிடையே அடைபட்டுக் கிடக்கும் காற்றே உண்மையான போர்வை. துணி அக்காற்றைப் பிடித்து வைப்பதற்கான வேலி மாத்திரமே.

எவரெஸ்டுக்குப் போவோரின் பணம் அக்கரப்பத்தனையில் இல்லை. தோட்டத் தொழிலாளியின் நாட்கூலி 1,000 ரூபாவைத் தொட்டதே 2021ஆம் ஆண்டிலேதான். ஆதலின் எதனை முதலில் வாங்குவது என்பதே கேள்வி.

பலரும் முதலில் வாங்குவது பஞ்சடைத்த பெரிய ஜக்கெற். நுவரெலியாவின் பேல் பஜாரிலே அது கண்ணைப் பறித்துக்கொண்டு தொங்கும். விலையும் பேசிக் குறைக்கலாம். கடைக்குப் போய்வர அது போதும். மழையிலே வேலை செய்வோர்க்கு அது வீண் செலவு. உள்ளே நீர் இறங்கிவிட்டால், மறுநாளைக்கும் உலராது. லயத்துக் காம்பராவிலே அடுப்புக்கு மேலே கட்டிய கொடியே துணி உலரும் இடம். அங்கே அத்தகைய ஜக்கெற் ஒன்று தொங்கினால் பிள்ளைகளின் பாடசாலை உடைக்கு இடமில்லை. புகையின் வாசனை வேறு!

முதற்செலவு உடலைத் தொடும் உடைக்கே ஆகவேண்டும். பொலியெஸ்டர் பின்னல் மேற்சட்டை தன் எடையிலே நூற்றுக்கு ஒரு பங்கு நீரைக்கூட நூலுக்குள் இழுப்பதில்லை; பிழிந்து போட்டால் விடியுமுன் பெரும்பாலும் உலர்ந்துவிடும். இளைஞர் பந்தாடும்போது அணியும் மலிவுச் சட்டையே இதற்குப் போதும். இரண்டு வேண்டும்: ஒன்று உடலில், ஒன்று கொடியில். பருத்திப் பனியனை வெயிற்காலத்துக்கென ஒதுக்கி வைப்பது நல்லது.

நடு அடுக்குக்குப் பழைய கம்பளிச் சுவெற்றரே சிறந்தது. முழங்கை கிழிந்திருந்தாலும் குறையில்லை, தைத்துக்கொள்ளலாம்.

மேலுறையிலேதான் கொழுந்து பறிப்போரின் நிலை ஏனையோருடையதிலிருந்து வேறுபடுகின்றது. கூடையின் கயிறு தலையை அழுத்தும். கூடை முதுகை அழுத்தும். அவ்விரு இடங்களிலும் மெல்லிய மழைச்சட்டையின் தையல் வழியே நீர் புகும். முற்றாய் மூடிய பிளாஸ்ரிக் சட்டையோ வியர்வையை வெளியே விடாது. மழை நனைக்காத உடலை வியர்வை நனைத்துவிடும். கக்கம் திறந்து, முன்புறம் தளர்ந்து தொங்கும் போர்வையே ஏறிறங்கும் உடலுக்கு ஏற்றது.

எல்லாவற்றிலும் மறக்கப்படுவது இடுப்பு. மழை விட்ட பின்னும் செடி நனைந்தே நிற்கும். நிரையிலே புகுந்து நடப்பவரின் வயிறும் தொடையும் அந்த நீரையே துடைத்துக்கொண்டு போகும். மூத்த பெண்கள் இடுப்பிலே படங்கைக் கட்டுவது இதனை அறிந்தே. சாக்குத் துணி நீரைக் குடித்துக் கனக்கும். தடித்த பிளாஸ்ரிக் விரிப்பிலே முழங்காலுக்குக் கீழ்வரை வெட்டி, நாடா கோத்துக் கட்டினால் அது நீரை வழித்துவிடும். அதன் கீழே காலைப் பிடித்த பொலியெஸ்டர்க் காற்சட்டையும், அதன் அடிநுனியை உள்ளே செருகிய நீண்ட காலுறையும் இருந்தால் குளிரோடு அட்டையும் விலகும்.

மாலையிலே வீடு திரும்பியதும் செய்யவேண்டியது ஒன்று. அடுப்பருகே அமருமுன் ஈர உடையை மாற்றவேண்டும். மலையேறும்போது உழைப்பே உடலைச் சூடாக வைத்திருக்கும். உழைப்பு நின்ற கணத்திலேதான் ஈரம் தன் வேலையைத் தொடங்குகின்றது. கொடியிலே காய்ந்து கிடக்கும் அந்த இரண்டாவது சட்டை அப்பொழுதைக்கே வாங்கப்பட்டது.