வீரர்கள் விளையும் கிராமங்கள்

(பஞ்சாயத்து யூனியன் விளையாட்டு விழாவில் வட்டார வளர்ச்சி அதிகாரி ஆற்றிய உரை)

 

சாலை, குடிநீர், தெருவிளக்கு, விதை, உரம் ஆகியவற்றைப் பற்றியே என் வாயிலிருந்து நீங்கள் கேட்டுப் பழகியிருக்கிறீர்கள். இன்று விளையாட்டைப் பற்றிப் பேச நான் எழுந்தது சிலருக்கு வியப்பாக இருக்கலாம். இம்மேடைக்கு வரும் வழியிலேயே ஒரு பெரியவர் என்னை நிறுத்தி, "ஐயா, விளையாட்டு சோறு போடுமா?" என்று கேட்டார். நியாயமான கேள்விதான். மழையையும் கிணற்றையும் நம்பி வாழும் ஒருவர் எதைப் பற்றியும் அப்படித்தான் கேட்பார். அவருக்கு அவசரமாக விடை கூற நான் விரும்பவில்லை. நம் நாட்டின் கிராமங்களில் பிறந்து உலகறியப் புகழ் பெற்ற மூவரின் வரலாற்றை முதலில் சொல்லுகிறேன். விடையை நாம் எல்லோரும் சேர்ந்து தேடுவோம்.

முதலாவது வரலாறு மகாராஷ்டிரத்தைச் சேர்ந்தது. சதாரா ஜில்லாவில், கராட் நகருக்கு அருகே கோலேசுவர் என்று ஒரு சிற்றூர் உண்டு. அங்கே 1926-ஆம் ஆண்டில் பிறந்தவர் கஷாபா தாதாசாகேப் ஜாதவ். தந்தையார் ஒரு மல்லர். எனவே ஊர்க் கோதாவின் மண் அவருக்குச் சிறு வயது முதலே பழக்கமானது. உருவத்தில் சிறியவர், ஆனால் பிடியில் வேகமும் தந்திரமும் மிக்கவர். 1948-ஆம் ஆண்டு லண்டன் ஒலிம்பிக்கில் கலந்துகொள்ளும் வாய்ப்பு அவருக்குக் கிடைத்தது. கோலாப்பூர் மகாராஜா பயணத்துக்கு உதவி செய்தார். மண்ணில் மற்போர் பயின்றவருக்கு அங்கே மெத்தை விரிப்பின் மீது போரிட வேண்டியிருந்தது. அப்படியிருந்தும் அவர் ஆறாவது இடம் பெற்றார்.

நான்கு ஆண்டுகள் கழித்து ஹெல்சிங்கியில் அடுத்த ஒலிம்பிக் வந்தது. தகுதி இருந்தது, கையில் பணம் இல்லை. அந்த இளைஞர் வீடு வீடாகச் சென்று உதவி கேட்டார். ஊர் மக்கள் தங்களால் இயன்றதைக் கொடுத்தார்கள். அதுவும் போதவில்லை. அப்போது அவர் பயின்ற கல்லூரியின் முதல்வராயிருந்த கர்தேகர் என்பவர் தம் சொந்த வீட்டை அடகு வைத்து ரூ. 7,000 கொடுத்தார். 1952-ஆம் ஆண்டில் ஏழாயிரம் ரூபாய் என்றால் எத்தகைய தொகை என்பதை இங்குள்ள முதியவர்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை.

அப்பணத்தில் கடல் கடந்து சென்ற ஜாதவ் வெண்கலப் பதக்கத்துடன் திரும்பினார். சுதந்திர இந்தியாவில் தனி நபர் ஒருவர் பெற்ற முதல் ஒலிம்பிக் பதக்கம் அதுவேயாகும். அதன்பின் இன்னொரு தனி நபர் பதக்கத்தைக் காண இந்நாடு 1996-ஆம் ஆண்டு வரை, அதாவது 44 ஆண்டுகள், காத்திருக்க நேர்ந்தது. அவர் ஊர் திரும்பிய நாளில் நூற்றுக்கு மேற்பட்ட மாட்டுவண்டிகள் அணிவகுத்து அவரை அழைத்துச் சென்றன. அவ்வண்டிகளை ஓட்டியவர்கள் யார்? அவருக்காகக் காசு கொடுத்த அதே ஊர் மக்களாகவே இருந்திருப்பார்கள். தங்கள் பணம் என்ன விளைவு தந்தது என்பதைக் கண்ணால் கண்டார்கள்.

ஜாதவ் அடுத்து என்ன செய்தார் தெரியுமா? கோலாப்பூரில் குஸ்திப் போட்டிகளில் கலந்துகொண்டு, கிடைத்த பரிசுப் பணத்தைக் கொண்டு கல்லூரி முதல்வரின் வீட்டை மீட்டுக் கொடுத்தார். பதக்கத்தைக் காட்டிலும் இச்செயலே எனக்குப் பெரிதாகத் தோன்றுகிறது. பின்னர் 1955-ல் போலீஸ் இலாகாவில் சப்-இன்ஸ்பெக்டராகச் சேர்ந்து நெடுங்காலம் பணியாற்றினார். 1984-ல் சாலை விபத்தில் காலமானார். அருச்சுனா விருது அவர் மறைந்து பல ஆண்டுகள் சென்ற பிறகே வந்தது. டில்லியில் மற்போர் அரங்கம் ஒன்றுக்கு அவர் பெயர் 2010-ல் சூட்டப்பட்டது. நாட்டின் மரியாதை மிகத் தாமதித்து வந்தது. ஊரார் உதவியோ தக்க தருணத்தில் வந்தது. அந்த உதவிதான் அவரை ஹெல்சிங்கிக்குக் கொண்டு சேர்த்தது.

இரண்டாவது வரலாறு நமக்கு அடுத்த வீடாகிய கேரளத்திலிருந்து. கோழிக்கோடு ஜில்லாவில் கடற்கரையை ஒட்டியுள்ளது பய்யோளி. அங்கே வளர்ந்தவர் 1964-ல் பிறந்த பி. டி. உஷா. அப்பெண்ணைத் தனியாக யாரும் செல்வந்தராக்கி அனுப்பவில்லை. கேரள அரசாங்கம் 1976-ல் கண்ணூரில் பெண்களுக்கென விளையாட்டுப் பள்ளிப் பிரிவு ஒன்றைத் தொடங்கியது. அதில் இடம் பெற்றவர்களுள் இவரும் ஒருவர். மாதம் ரூ. 250 உதவித் தொகை கிடைத்தது. அங்கேதான் நம்பியார் என்னும் பயிற்சியாளரின் கண்ணில் பட்டார்.

1984-ஆம் ஆண்டு லாஸ் ஏஞ்சல்ஸ் நகரில் நடந்த ஒலிம்பிக்கில் 400 மீட்டர் தடை ஓட்டத்தின் இறுதிப் போட்டியில் உஷா ஓடினார். அவர் எடுத்துக்கொண்ட நேரம் 55.42 விநாடி. மூன்றாவதாக வந்த ருமேனிய நாட்டுப் பெண்மணியின் நேரம் 55.41 விநாடி. ஒரு விநாடியை நூறு கூறாக்கி, அதில் ஒரே ஒரு கூறு! கண் இமைக்கும் நேரத்தைவிடக் குறைந்த அளவில் பதக்கம் கைநழுவிப் போயிற்று. அந்நாட்டு உணவு ஒத்துக்கொள்ளாமல் அங்கே தாம் அரிசிக் கஞ்சியையும் ஊறுகாயையும் உண்டே காலம் கழித்ததாகவும், போதிய சத்துணவு இல்லாமையே கடைசிச் சில மீட்டர்களில் தம்மைத் தளரச் செய்ததாகவும் அவரே பிற்காலத்தில் கூறியிருக்கிறார். பயிருக்கு அடியுரம் இட்டுவிட்டு மேலுரம் இட மறந்தால் கதிர் பால் பிடிக்கும் சமயத்தில் என்ன ஆகும் என்பதை அறிந்தவர்கள் நீங்கள்.

தோல்வியால் அவர் ஒடுங்கிவிடவில்லை. மறு ஆண்டே, 1985-ல், ஜகார்த்தாவில் நடந்த ஆசியத் தடகளப் போட்டியில் ஐந்து தங்கப் பதக்கங்களை வென்றார். 1986-ல் சியோல் ஆசிய விளையாட்டில் நான்கு தங்கம் பெற்றார். ஓய்வு பெற்ற பின் 2002-ல் பெண் குழந்தைகளுக்காகத் தம் பெயரால் ஒரு தடகளப் பள்ளி தொடங்கி, தமக்குக் கிடைத்ததைப் பிறருக்கும் கிடைக்கச் செய்தார். 2022-ல் இந்திய ஒலிம்பிக் சங்கத்தின் தலைவரானார். இவ்வளவுக்கும் அடித்தளமாக அமைந்தவை ஒரு விடுதி, ஒரு பயிற்சியாளர், மாதம் இருநூற்றைம்பது ரூபாய்.

மூன்றாவது வரலாறு நம் தமிழ் மண்ணுக்கே உரியது. சேலம் மாவட்டம் பெரியவடகம்பட்டியில் 1995-ல் பிறந்தவர் மாரியப்பன் தங்கவேலு. ஐந்து வயதில் பள்ளிக்கு நடந்து செல்லும் வழியில் ஒரு பேருந்து அவருடைய வலது காலில் ஏறி, முழங்காலுக்குக் கீழே நசுக்கிவிட்டது. தாயார் செங்கல் சுமந்தும் காய்கறி விற்றும் மக்களைக் காப்பாற்றினார். மகனுடைய சிகிச்சைக்காக மூன்று லட்சம் ரூபாய் கடன்பட்டார். இத்தகைய ஒரு பிள்ளையைக் கண்டால் நம்மில் பலர் என்ன சொல்லியிருப்போம்? "பாவம், ஓரமாக உட்காரட்டும்" என்றுதான் சொல்லியிருப்போம். அவருடைய பள்ளியின் உடற்பயிற்சி ஆசிரியர் அப்படிச் சொல்லவில்லை. உயரம் தாண்டிப் பார் என்று ஊக்கமளித்தார். பதினான்காம் வயதில் குறையற்ற உடல் கொண்ட மாணவர்களோடு போட்டியிட்டு இரண்டாவதாக வந்தார் அச்சிறுவர்.

2016-ஆம் ஆண்டு ரியோ நகரில் மாற்றுத் திறனாளிகளுக்கான பாராலிம்பிக் போட்டி நடந்தது. அதில் மாரியப்பன் 1.89 மீட்டர், அதாவது ஆறடி இரண்டங்குலத்துக்கும் சற்று அதிகமான உயரத்தைத் தாண்டித் தங்கப் பதக்கம் பெற்றார். 2021-ல் டோக்கியோவில் வெள்ளி. 2024-ல் பாரிசில் வெண்கலம். தொடர்ந்து மூன்று போட்டிகளில் மூன்று பதக்கங்கள். தங்கம் வென்றதும் தமிழக அரசு இரண்டு கோடி ரூபாய் பரிசளித்தது. பாராட்ட வேண்டிய செயல். ஆனால் அந்த இரண்டு கோடிக்கும் முன்னால் ஓர் ஆசிரியரின் ஒரு சொல் இருந்தது என்பதை நாம் மறக்கலாகாது.

நண்பர்களே! இம்மூவரின் வாழ்விலும் பொதுவாக உள்ளது என்ன? திறமை அவர்களுடையது, உழைப்பும் அவர்களுடையது. ஆனால் தக்க பருவத்தில் யாரோ ஒருவர் கை கொடுத்தார். ஒருவருக்கு ஊரார், ஒருவருக்கு அரசாங்கம், ஒருவருக்கு ஆசிரியர். ஆடிப் பட்டத்தில் கிடைக்காத விதை மார்கழியில் மூட்டை மூட்டையாக வந்து என்ன பயன்? ஓடும் கால்களுக்கும் பட்டம் உண்டு. பதினான்கு, பதினைந்து வயதில் கிடைக்காத உதவியை முப்பது வயதில் மாலையாகப் போட்டு ஈடு செய்ய முடியாது.

இதை நான் புத்தகத்தில் படித்துச் சொல்லவில்லை. பதினெட்டு ஆண்டுகளுக்கு முன் வேறொரு மாவட்டத்தில் நான் கீழ்நிலை உத்தியோகத்தில் இருந்தபோது, ஒரு விவசாயக் கூலியின் மகன் என்னிடம் வந்தான். நெடுந்தூர ஓட்டத்தில் மாவட்டத்தில் முதலாவதாக வந்தவன். மாநிலப் போட்டிக்குச் செல்ல வழிச்செலவும் ஒரு ஜோடி காலணியும் தேவை என்றான். ஆயிரம் ரூபாய்கூட ஆகாது. நான் விதிகளைப் புரட்டிப் பார்த்து, "இதற்கு எந்தத் தலைப்பிலும் நிதி இல்லை, தம்பி" என்று சொல்லி அனுப்பிவிட்டேன். நான் சொன்னது உண்மைதான். விதிப்படி நான் தவறு செய்யவில்லை. ஆனால் அன்று அந்த அறையில் நாங்கள் ஐந்து பேர் இருந்தோம். ஆளுக்கு இருநூறு ரூபாய் போட்டிருந்தால் முடிந்திருக்கும். அது என் புத்தியில் படவில்லை. அவன் போகவில்லை. சில ஆண்டுகள் கழித்துச் செங்கற் சூளை ஒன்றில் அவனைக் கண்டேன். கை கூப்பி வணங்கினான். ஒரு குறையும் சொல்லவில்லை. அவன் ஏதேனும் சொல்லியிருந்தால் என் மனம் ஆறியிருக்கும். அவன் மாநிலப் போட்டியில் வென்றிருப்பானா என்பது யாருக்கும் தெரியாது. தெரிந்துகொள்ளும் வாய்ப்பை நான் தடுத்துவிட்டேன் என்பது மட்டும் எனக்குத் தெரியும்.

ஆகவேதான் இன்று ஒரு விஷயத்தை உங்கள் முன் வைக்கிறேன். நம் யூனியனைச் சேர்ந்த ஓர் ஊரில், பள்ளிக்குப் பின்புறம் ஏறத்தாழ ஒன்றரை ஏக்கர் புறம்போக்கு நிலம் இருக்கிறது. பிள்ளைகள் மாலையில் விளையாடுவது அங்கேதான். அந்நிலத்தில் பாதியை நெற்களமாகவும் மீதியைக் கடைகள் கட்டவும் ஒதுக்க வேண்டும் என்று ஒரு யோசனை எழுந்துள்ளது. அக்டோபர் 2-ஆம் நாள் கூடும் கிராம சபையில் அது முடிவாகவேண்டும். களம் கேட்கும் விவசாயிகளின் கஷ்டத்தை நான் அறிவேன். சாலையில் நெல்லைக் காயவைத்து, வாகனங்களுக்கு அஞ்சி இரவெல்லாம் காவல் இருப்பது எளிய காரியமன்று. களம் தேவைதான். ஆனால் அது அறுவடைக் காலத்தில் சில வாரங்களுக்கே தேவைப்படும். ஏரிக்கரை ஓரமாக வேறு இடம் உண்டா என்று முதலில் அளந்து பார்ப்போம். நானே நில அளவரோடு வருகிறேன். கடை வாடகை பஞ்சாயத்துக்கு வருமானம்தான். எனினும் ஒருமுறை கட்டடம் எழுந்துவிட்டால் அந்த மைதானம் திரும்பி வராது. முடிவு கிராம சபையினுடையது. அம்முடிவை எடுக்கும்போது, வாக்கு இல்லாத காரணத்தால் கை தூக்க முடியாத பிள்ளைகளையும் நினைத்துக்கொள்ளுங்கள் என்பதே என் வேண்டுகோள்.

இன்னும் இரண்டு சொற்கள். பெண் குழந்தை பெரியவளானதும் மைதானத்திலிருந்து அவளை நிறுத்திவிடும் வழக்கம் நம்மிடம் இருக்கிறது. பய்யோளியின் பெற்றோர் அவ்வாறு செய்திருந்தால் இந்தியாவுக்கு உஷா இல்லை. மாற்றுத் திறனாளிக் குழந்தையைத் திண்ணையில் உட்காரவைத்து இரக்கப்படுவதோடு நிறுத்திக்கொள்ளவும் வேண்டாம். மைதானத்துக்கு அழைத்து வாருங்கள். ஒவ்வொரு பஞ்சாயத்திலும் ஆசிரியர் ஒருவரும் உறுப்பினர் இருவரும் சேர்ந்து, திறமையுள்ள பிள்ளைகளின் பெயரை ஒரு நோட்டில் எழுதி வையுங்கள். வழிச்செலவு தேவைப்படும்போது ஊரார் ஆளுக்குச் சிறிது போடலாம். முதல் தொகை என்னுடையதாக இருக்கட்டும்.

வரும் வழியில் என்னைக் கேட்ட பெரியவர் முன்வரிசையில் அமர்ந்திருக்கிறார். அவருக்கு என் விடை இது: ஐயா, விளையாடும் எல்லோருக்கும் அது சோறு போடாது. எல்லா விதையும் முளைப்பதில்லை என்பதற்காக நீங்கள் விதைக்காமல் இருந்ததும் இல்லை. பதக்கம் பெறாத பிள்ளைக்கும் உடல் உரமும், கட்டுப்பாடும், தோற்றபின் எழும் துணிவும் எஞ்சும். அவை எந்தத் தொழிலுக்கும் முதலீடு. நாளைக்கு நம் ஊர்ப் பிள்ளை ஒருவரை மாட்டுவண்டி பூட்டி வரவேற்கும் நாள் வருமானால், அவ்வண்டியை ஓட்டும் உரிமை இன்று கை கொடுப்பவர்களுக்கே உண்டு.