ஓய்ந்த எந்திரத்தை இறக்குங்கள்

அரிசி ஆலை உரிமையாளர்களே, ஆலைகளில் உழைக்கும் தோழர்களே, தாய்மார்களே!

"ஓடுற மிஷின்கிட்ட போகாதே" என்று பிள்ளைகளை அதட்டுகிறோம். ஓடாத மிஷினைப் பற்றி யாரும் வாய் திறப்பதில்லை. அதைப் பற்றிப் பேசத்தான் இந்த மேடைக்கு வந்தேன்.

1960-களின் தொடக்கத்தில் தீவிர வேளாண் மாவட்டத் திட்டத்துக்கு நாட்டிலேயே முதல் வரிசையில் தேர்வான மாவட்டங்களில் நம் தஞ்சையும் ஒன்று. விளைச்சல் பெருகியது. ஹல்லர் மில்கள் இருந்த மண்ணில் நவீன அரிசி ஆலைகள் எழுந்தன. பிறகு அவற்றிலும் புதிய எந்திரங்கள் வந்தன. புதியதை மாட்டினோம், பழையதை யார் இறக்கினோம்?

ஒரு பழைய ஆலைக்குள் போய் அண்ணாந்து பாருங்கள். நெல்லை மேலேற்றும் ஐம்பதடி எலிவேட்டர். பெல்ட் இற்றுக் கிடக்கிறது. ஒரு பக்கெட் ஒற்றை போல்ட்டில் தொங்குகிறது. நெல் அவித்த ஆவியைக் காலமெல்லாம் குடித்த தாங்கியில் மேலே பெயின்ட் இருக்கிறது, உள்ளே இரும்பு பொருக்குப் பொருக்காய் உதிர்கிறது. படிந்த உமித்தூசி மழை ஈரத்தை உறிஞ்சி, போல்ட்டின் கழுத்தை விடாமல் நனைக்கிறது. பக்கத்தில் ஓடும் புது எந்திரத்தின் அதிர்வோ, பழையதன் நட்டை நாளுக்குக் கொஞ்சமாய்க் கழற்றுகிறது. கீழே? நிழலாக இருக்கிறதே என்று களத்துப் பெண்கள் தூக்குச்சட்டியைத் திறக்கிறார்கள்!

ஐம்பதடியிலிருந்து ஒரு போல்ட் விழ இரண்டு வினாடிகூட ஆகாது. தரையைத் தொடும்போது மணிக்கு 60 கிலோமீட்டர் வேகம். "ஐயோ" என்று நாம் கத்தினால், கேட்டவர் நிமிர்ந்து பார்ப்பார். போல்ட் முகத்திலேயே விழும்.

ஓடும் எந்திரத்துக்கு ஃபிட்டர் உண்டு, எண்ணெய் உண்டு. ஓய்ந்ததற்கு நாதி யார்? தூக்குக் கருவிகளையும் சங்கிலிகளையும் ஆண்டுக்கு ஒருமுறையாவது தகுதியுள்ளவர் சோதிக்க வேண்டும் என்றது 1948-ஆம் ஆண்டுத் தொழிற்சாலைச் சட்டம். உயிருக்கு ஆபத்தான கட்டடத்தையும் எந்திரத்தையும் சரிசெய்ய உத்தரவிடும் அதிகாரத்தைத் தொழிற்சாலை ஆய்வாளருக்குத் தந்தது. நம் பதிவேட்டிலோ, கரண்ட்டைத் துண்டித்த அன்றே அந்த எந்திரத்தின் பெயரும் போய்விடுகிறது. கவனிப்பாரற்று மேலே நிற்பதைக் காற்று சும்மா விடுமா? 2018 நவம்பர் 16 அன்று கஜா புயல் அடித்தபோது, பிடிப்பில்லாத தகரம் என்ன செய்யும் என்று காவிரி டெல்டாவே பார்த்தது. அதற்குள் மறந்துவிட்டோமா?

ஐப்பசி அடைமழைக்கு முன்னால் மூன்று வேலை செய்யுங்கள். முதலாவது, ஓடாத ஒவ்வொன்றையும் மேலேறிப் பார்த்து, சிவப்பு பெயின்ட்டில் குறியிட்டு, பதிவேட்டில் ஏற்றுங்கள். இரண்டாவது, இறக்கும் நாள்வரை அதன் கீழே ஆள் நடக்காதபடி வழியை அடைத்துவிடுங்கள். ஆடுவதை எஃகுக் கம்பிக் கயிற்றால் பிணைத்து வையுங்கள். மூன்றாவது, முறையாக இறக்குங்கள். காயலான் கடைக்காரரிடம் எடைக்கு விலை பேசிவிட்டுக் கை கழுவாதீர்கள். கேஸ் கட்டரோடு மேலே ஏறுகிறவர் தினக்கூலி. வெட்டும் துண்டை முதலில் கிரேன் பிடிக்கட்டும். பிறகு கட்டர் பேசட்டும்.

"செலவுக்கு எங்கே போவது?" என்பீர்கள். இறக்கிய இரும்பு விலைபோகும்; அந்தப் பணத்தில் முதல் பங்கு கிரேன் வாடகைக்கு. மிச்சம் உங்களுக்கு.

ஓடாத எந்திரம் ஒவ்வொன்றுக்கும் பொறுப்பாளர் ஒருவரின் பெயரையும், இறக்கும் தேதியையும் எழுதி ஆலை வாசலில் ஒட்டுவோம் என்று இந்தக் கூட்டத்திலேயே தீர்மானம் போடுங்கள். ஆதரிப்பவர்கள் கையைத் தூக்குங்கள்!