தேர்வும் வேண்டும், நியாயமும் வேண்டும்
(மும்பையில் நம் சங்கக் கூட்டத்தில் ஆற்றிய உரை)



பிழைப்புத் தேடி இந்த மாநகருக்கு வந்தவர்கள் நாம். நம்மில் பலர் ஊரிலிருந்த நிலத்தை விற்றும், வட்டிக்கு வாங்கியும், பிள்ளைகளை ரஷ்யாவுக்கும் ஜார்ஜியாவுக்கும் கிர்கிஸ்தானுக்கும் மருத்துவம் படிக்க அனுப்பியிருக்கிறோம். இங்கே அரசுக் கல்லூரியில் இடம் குறைவு. தனியார் கல்லூரியின் கட்டணமோ நமக்கு எட்டாதது. அதனால்தான் கடல் கடந்து போனார்கள்.

பட்டத்தோடு திரும்பியவுடன் அவர்கள் இங்கே வைத்தியம் பார்த்துவிட முடியாது. 2002-இல் வந்த விதிப்படி தேசியத் தேர்வு வாரியம் நடத்தும் தேர்வில் தேறவேண்டும். ஆண்டுக்கு இருமுறை நடக்கிறது. 300 கேள்விகள், 150 சரியானால் தேர்ச்சி. தவறான விடைக்கு மதிப்பெண் கழிப்பதில்லை. அப்படியிருந்தும் பல தேர்வுகளில் ஏறத்தாழ ஐந்தில் ஒருவரே தேறியிருக்கிறார்கள்.

'இந்தத் தேர்வையே எடுத்துவிடு' என்கிறார்கள் சிலர். நாம் அப்படிக் கேட்கமாட்டோம். அரசு ஆஸ்பத்திரி வரிசையில் நிற்பது யார்? நாம்தானே! பணமுள்ளவன் நல்ல டாக்டரைத் தேடிப் போவான். ஏழையோ எதிரே இருப்பவரை நம்பிக் கையை நீட்டுகிறான். பாதிக் கேள்விக்கு விடை தெரிந்திருக்க வேண்டும் என்பது கொடுமை அல்ல.

குறை வேறிடத்தில் இருக்கிறது. வகுப்பில் ஆங்கிலம், ஆஸ்பத்திரியில் நோயாளி பேசுவது அந்த நாட்டு மொழி. மொழி தெரியாத பிள்ளை நோயாளியிடம் என்ன கேட்கும், எதைக் கற்கும்? தரகர் இதைச் சொல்வதில்லை. 2021 நவம்பரில் வந்த விதிகளையும் சொல்வதில்லை. 54 மாதப் படிப்பு, ஆங்கில வழி, அதே நிறுவனத்தில் 12 மாதப் பயிற்சி, அந்த நாட்டிலேயே தொழில் செய்யும் தகுதி, திரும்பியபின் இங்கே 12 மாதப் பயிற்சி என்று அந்த விதிகள் வரிசையாகக் கேட்கின்றன. ஒன்று குறைந்தாலும் பட்டம் வெறும் காகிதம்தான்.

2022-இல் போரால் உக்ரைனிலிருந்து ஆயிரக்கணக்கான மாணவர்கள் திரும்பினார்கள். அந்த ஆண்டு ஜூன் 30-க்குள் படிப்பை முடித்துச் சான்று பெற்ற இறுதியாண்டு மாணவர்களுக்குத் தேர்வெழுத வழி கிடைத்தது. ஆனால் தேறியபின் ஓராண்டுக்குப் பதில் ஈராண்டுப் பயிற்சி என்றார்கள். விட்டுப்போன ஆஸ்பத்திரிப் பயிற்சியை ஈடுகட்டத்தான் அது. அதை நாம் ஒப்புகிறோம்.

ஆனால் தேறியபின்னும் வாசலில் நிறுத்துவது என்ன நீதி? ஒரு கல்லூரி தன் இடங்களில் 7.5 சதவீதம் வரை இவர்களைக் கூடுதலாகப் பயிற்சிக்குச் சேர்க்கலாம் என்று 2022-இல் அறிவித்தார்கள். 150 இடமுள்ள கல்லூரியில் அது 11 பேர். கட்டணம் கூடாது, உதவித்தொகை உள்நாட்டு மாணவருக்கு இணையாக இருக்கவேண்டும் என்றும் அறிவிப்பில் உண்டு. ஏட்டில் இருப்பது பிள்ளையின் கைக்கு வரவேண்டாமா?

ஆகவே நாம் கேட்பது மூன்று. தேர்வின் தரத்தைக் குறைக்காதே. தேறியவருக்குக் காலதாமதமின்றிப் பயிற்சி இடமும் முழு உதவித்தொகையும் கொடு. விதியை மறைத்து ஆள் சேர்க்கும் தரகரைத் தண்டி.

நாம் செய்யவேண்டியதும் ஒன்று உண்டு. எந்த வெளிநாட்டுக் கல்லூரியில் படித்தவர் எத்தனை பேர் தேறினார்கள் என்ற பட்டியலைத் தேர்வு வாரியம் வெளியிட்டிருக்கிறது. முன்பணம் கட்டுமுன் சங்கத்துக்கு வாருங்கள். சேர்ந்து உட்கார்ந்து அதைப் படிப்போம். நிலத்தை விற்பது அதற்குப் பிறகு இருக்கட்டும்.