தாயின் காலிற் சதங்கை

ஐந்தில் வளையாதது ஐம்பதில் வளையாது என்பது முன்னோர் வாக்கு. பிள்ளையைப் பள்ளிக்கு அனுப்பத் தயங்கும் தந்தையிடம் சொன்னால் அது நல்ல அறிவுரை. ஆனால் ஐந்து வயதில் வாய்ப்புக் கிடைக்காத ஒருத்தி முப்பது வயதில் ஆடல் பயில விரும்பும்போது, அதே வாக்கு அவளுடைய ஆசைக்கு இட்ட பூட்டாகிவிடுகிறது. கையில் ஒரு குழந்தையும் இருக்குமாயின், அப்பூட்டின் திறவுகோலை எவரும் தேடுவதே இல்லை.

வார இறுதி நாட்களில் வெள்ளவத்தையிலோ கொட்டாஞ்சேனையிலோ நடன வகுப்பு நடைபெறும் வீடொன்றின் முன்னாற் செல்வோர், உள்ளே சிறுமியர் தட்டடவு பயிலும் ஓசையைக் கேட்பர். வெளியே வாங்குகளில் அவர்களுடைய தாய்மார் அமர்ந்திருப்பர். ஒருத்தியின் மடியிலே தண்ணீர்ப் போத்தல். இன்னொருத்தியின் தோளிலே உறங்கும் கைக்குழந்தை. நட்டுவனாரின் தட்டுக்கழி விழும்போதெல்லாம் அத்தாய்மாருள் ஒருத்தியின் கால்விரல்கள் செருப்புக்குள்ளே மெல்ல அசைவதையும் கூர்ந்து நோக்குவோர் காணலாம். வகுப்புக்குக் கட்டணம் செலுத்துபவள் அவள். சதங்கையைத் துடைத்து வைப்பவளும் அவளே. ஆடுவது மட்டும் அவளுக்குரியதன்று என்று எப்படியோ முடிவாகிவிட்டது.

அத்தகைய தாயொருத்தி பேலியகொடையில் வாழ்வதாக எண்ணிப் பார்ப்போம். கண்டி வீதியும் நீர்கொழும்பு வீதியும் பிரியும் அவ்வூர், இரவும் பகலும் ஓயாத ஊர். விடியுமுன்பே மீன் சந்தைக்கு லொறிகள் வந்துவிடும். அவளும் அப்பொழுதே எழுந்து சமையலை முடித்து, பிள்ளையைப் பள்ளிக்கு அனுப்பி, தானும் வேலைக்குச் செல்கிறாள். களனி கங்கையைக் கடந்து, நகரின் நெரிசலைத் தாண்டி வெள்ளவத்தைக்குப் போய் வர அவளுக்கு அரைநாள் வேண்டும். அந்த அரைநாளைத் தன் விருப்பத்துக்கென எடுத்துக்கொண்டால், பிள்ளைக்குரிய நேரத்தைத் திருடியவள் ஆவாளா? இதுவே இன்றைய பேச்சின் கேள்வி.

வயது வந்தபின் மாணவராவது பேலியகொடை மண்ணுக்குப் புதிதன்று. 1875ஆம் ஆண்டில் அங்கே தோன்றிய வித்யாலங்காரப் பிரிவெனா, பின்னர் பல்கலைக்கழகமாக வளர்ந்த பெருங் கல்விக்கூடம். வட இந்தியப் பேரறிஞர் ராகுல் சாங்கிருத்தியாயனர், 1927ஆம் ஆண்டில், தம் முப்பத்து நான்காம் வயதில் அங்கு வந்தார். பிறருக்குச் சமஸ்கிருதம் கற்பித்துக்கொண்டே தாம் பாளி மொழியையும் பௌத்த நூல்களையும் கற்றார். அதை உலகம் வியந்து போற்றிற்று. ஆயின் அவர் வீட்டைத் துறந்து வந்தவர். துறவியின் கல்விக்கு ஊர் சோறிடும். தாயின் கல்விக்கு அவளே சோறு சமைத்து வைத்துவிட்டுப் புறப்படவேண்டும். வேறுபாடு வயதில் இல்லை, இங்கேதான் இருக்கிறது.

உடல் வளையுமா என்ற ஐயத்தை முதலில் நேர்மையாகப் பார்த்துவிடலாம். பரதத்தின் அடிப்படை அரைமண்டி. தொடைகள் இடுப்பு மூட்டிலிருந்து வெளிப்புறமாகத் திரும்ப, முழங்கால்கள் பக்கவாட்டில் மடிய, முதுகு நிமிர்ந்து நிற்கவேண்டும். சிறுமியின் எலும்பும் தசைநாரும் இளகியவை. அவள் ஆண்டுதோறும் சிறிது சிறிதாக அந்நிலைக்குப் பழகிவிடுவாள். முப்பது வயதில் இடுப்பு மூட்டின் அமைப்பு உறுதிப்பட்டுவிடுகிறது. இடுப்பு திரும்ப மறுக்கும் அளவை முழங்காலை முறுக்கி ஈடுசெய்ய முயன்றால் முழங்கால்தான் கெடும். ஆதலின் வயது வந்த மாணவி அரைமண்டியில் ஆழமாக இறங்குவதைக் காட்டிலும், இறங்கிய அளவில் நேராக நிற்பதையே முதற் பாடமாகக் கொள்ளவேண்டும். பிள்ளை பெற்றுச் சில மாதங்களே ஆனவள் வைத்தியரைக் கேட்ட பின்னரே காலைத் தட்டவேண்டும். சீமெந்துத் தரையும் வெறுங்காலுக்குப் பகை. மாடி வீடுகளில் பயில்வோர் தடித்த பாயொன்றை விரித்துக்கொண்டால் தம் குதிகாலும் நலமுறும். கீழ்வீட்டாரின் மதிய உறக்கமும் கெடாது.

இவை இழப்புகள். இவற்றுக்கு ஈடாக முதிர்ந்த மாணவியிடம் ஒரு செல்வம் உண்டு. அதுவே அபிநயம். பாலசரஸ்வதி அம்மையார் 1925ஆம் ஆண்டில், ஏழு வயதிலேயே, காஞ்சிபுரத்தில் அரங்கேறியவர். ஆயினும் அவருடைய பெயரை உலகம் மறவாமைக்குக் காரணமானவற்றுள் ஒன்று, கண்ணனைத் தாய் அழைக்கும் “கிருஷ்ணா நீ பேகனே பாரோ” என்னும் பாடலுக்கு அவர் காட்டிய அபிநயம். எட்டு வயதுச் சிறுமி அத்தகைய பாடலுக்கு ஆடும்போது, ஆசிரியை காட்டிய முகத்தைத் தன் முகத்திலே அணிந்துகொள்கிறாள். வராது அடம்பிடிக்கும் பிள்ளையை நாள்தோறும் சோறுண்ண அழைக்கும் தாய்க்கோ, அம்முகம் கடன் வாங்க வேண்டிய பொருளன்று.

அம்மையாரின் குடும்பத்தைப் பற்றி இன்னொன்றும் சொல்லத் தகும். பாட்டியார் வீணை தனம்மாள். தாயார் ஜெயம்மாள் பாட, மகள் ஆடினார். இசையும் ஆடலும் குலத்தொழிலாய் இருந்த அத்தகைய வீடுகளிலே, கலை ஒருபுறம் தாய்மை ஒருபுறம் என்ற பிரிவினை இருந்ததில்லை. தாய் பயில்வதைக் கேட்டுக்கொண்டே தொட்டிலிற் குழந்தை வளர்ந்தது. தாயின் பயிற்சி பிள்ளைக்குத் தீங்கு என்ற எண்ணம் மரபின் குரலன்று. பின்னாளில் வந்து சேர்ந்த எண்ணமே.

பிறந்த வீட்டிலே கலை வாய்க்காதவர், தாயான பின் அதைத் தேடிச் சென்ற வரலாறு உண்டா எனில், வியக்கத்தக்க வரலாறு ஒன்று உண்டு. எஸ்தர் ஷெர்மன் என்பவர் 1893ஆம் ஆண்டில் அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலத்திற் பிறந்தவர். இந்தியர் ஒருவரை மணந்தார். ராகினி தேவி என்று பெயர் பூண்டார். நியூயார்க் மேடைகளில் இந்திய நடனம் என்று தாமே அமைத்துக்கொண்ட ஆடல்களை ஆடிப் புகழும் பெற்றார். 1928ஆம் ஆண்டில் “நிருத்தாஞ்சலி” என்ற நூலையும் வெளியிட்டார். இத்தனையும் இந்திய மண்ணை மிதிக்கும் முன்பே நிகழ்ந்தவை.

1930ஆம் ஆண்டில் அவர் தென்னிந்தியாவுக்கு வந்தார். அவ்வாண்டு செப்தெம்பரில் மகள் இந்திராணி பிறந்தாள். தாய்க்கு வயது முப்பத்தேழு. கணவர் உடனில்லை, ஊரும் மொழியும் புதியவை. அந்நிலையிலேதான் அவர் உண்மையான மாணவியானார். மயிலாப்பூர்க் கௌரி அம்மாளிடம் சதிர் பயின்றார். பின்னர், மகாகவி வள்ளத்தோள் 1930ஆம் ஆண்டில் நிறுவிய கேரள கலாமண்டலத்துக்குச் சென்று கதகளி கற்றார். ஆடவர்க்கே உரியதாயிருந்த அக்கலையை அக்கழகத்திற் பயின்ற முதற் பெண்மணி அவரே என்பர்.

இவ்வரலாற்றில் எண்ணிப் பார்க்கவேண்டியது அவருடைய வயது மட்டுமன்று. நூல் எழுதியவர், மேடையிற் கைதட்டல் வாங்கியவர், முதல் அடவைக் காட்டுமாறு இன்னொரு பெண்மணியின் முன் நின்றார். வயது வந்தோர்க்கு முழங்காலை மடிப்பதிலும் அரியது, தெரிந்தவர் என்ற நினைப்பை மடித்து வைப்பது. பிள்ளைகளைத் திருத்தியே பழகிய தாய், தான் திருத்தப்படுவதற்கு முதலிற் கூசுவாள். அக்கூச்சத்தைக் கடந்தவளுக்கு அடவு மெல்ல மெல்ல வந்துவிடும்.

அம்மையாரின் வழி எளிய வழியன்று. எல்லாத் தாயரும் பின்பற்றத்தக்க வழியுமன்று. மணவாழ்வு கலைந்தது, நிலையான வீடு இல்லை. ஆனால் பிள்ளைக்கு என்ன ஆயிற்று என்று கேட்போர்க்கு விடை உண்டு. இந்திராணி ஒன்பது வயதிலேயே தாயின் குழுவில் ஆடினார். பதினைந்து வயதில் கட்டடக் கலைஞர் ஹபீப் ரஹ்மானை மணந்தார். பின் சொக்கலிங்கம் பிள்ளையிடம் பரதம் பயின்றார். 1957ஆம் ஆண்டளவில், இரு குழந்தைகளின் தாயாக இருந்தபோது, கலை விமரிசகர் சார்ள்ஸ் பாப்ரியின் தூண்டுதலால் ஒரிசாவுக்குச் சென்று, ஒடிசி நடனத்தைத் தேவப்பிரசாத் தாஸ் என்னும் குருவிடம் அரிச்சுவடியிலிருந்து கற்றார். ஒடிசி உலக மேடைகளை அடையக் காரணமானவர்களுள் அவர் ஒருவர். 1969ஆம் ஆண்டில் பத்மஸ்ரீ விருது பெற்றார். அவருடைய மகள் சுகன்யாவும் ஆடற்கலைஞரே. தாய் மாணவியாய் இருந்ததைக் கண்டு வளர்ந்த பிள்ளை, தான் தாயானபோது மீண்டும் மாணவியாகத் தயங்கவில்லை.

கௌரி அம்மாளிடம் வந்த மற்றொரு முதிர்ந்த மாணவி ருக்மிணி தேவி அம்மையார். 1904ஆம் ஆண்டிற் பிறந்த அவர் சதிரைப் பயிலத் தொடங்கியபோது முப்பது வயதை ஒட்டியவர். பந்தணைநல்லூர் மீனாட்சிசுந்தரம் பிள்ளையிடமும் பயின்று, 1935ஆம் ஆண்டின் இறுதியில் அடையாற்றில் அரங்கேறினார். அடுத்த ஆண்டிலேயே கலாக்ஷேத்திரம் தோன்றிற்று. மகப்பேறு அவருக்கு வாய்க்கவில்லையாயினும், வயதைப் பற்றிய ஐயத்துக்கு அவரினும் சிறந்த மறுமொழி இல்லை.

இவ்வரலாற்றின் கிளையொன்று கொழும்பையும் தொட்டிருக்கிறது. கலாமண்டலத்தில் ராகினி தேவியைச் சந்தித்து, அவருடன் இந்திய நகரங்களில் ஆடியவர் குரு கோபிநாத். பின்னாளில் திருவனந்தபுரத்தில் அவரிடம் கதகளி பயின்றவர்களுள் ஒருவர் இலங்கையின் சித்திரசேனா. சித்திரசேனாவின் மாணவியும் மனைவியுமான வஜிரா அம்மையார், இளமையிலேயே பயிற்சி பெற்றவர். ஆயினும் ஆடவரே ஆடிவந்த கண்டிய நடனத்தில் பெண்ணுக்குரிய நடையை அமைத்து, பிள்ளைகளை வளர்த்துக்கொண்டே பல்லாண்டு மேடையேறினார். மகள் உபேக்காவும் தாயின் வழியிலே புகழ்பெற்ற ஆடற்கலைஞரானார். 

கலை மேதைகளின் கதை சாதாரணத் தாய்க்கு எவ்வாறு பொருந்தும் என்று கேட்கலாம். மேடையை நாடாத முதிர்ந்த மாணவியருக்கு அயர்லாந்து ஒரு வழி காட்டுகிறது. அந்நாட்டு மரபு நடனத்தில் உடல் நிமிர்ந்து, கைகள் பக்கத்தில் அசையாதிருக்க, கால்கள் மட்டும் மின்னலெனத் தாளமிடும். 1893ஆம் ஆண்டில் தோன்றிய கேலிக் கழகம் தாய்மொழியோடு இந்நடனத்தையும் பேணியது. 1930ஆம் ஆண்டில் இதற்கெனத் தனி ஆணைக்குழு அமைந்தது. 1994ஆம் ஆண்டில் டப்ளின் நகரில் “ரிவர்டான்ஸ்” என்ற ஆடல் அரங்கேறிய பின் உலகெங்கும் இதன்மீது ஆர்வம் பெருகிற்று. அங்கும் இளமையில் தொடங்குவதே வழக்கம். ஆயினும் போட்டிகள் பலவற்றில், வயது வந்தபின் தொடங்கியோருக்கெனத் தனிப் பிரிவுகள் வைத்திருக்கிறார்கள். அப்பிரிவில் நிற்கும் தாய், சிறுமியரோடு தன்னை ஒப்பிட்டு வெட்க வேண்டியதில்லை.

கொழும்பிலுள்ள நடன ஆசிரியைமார் எண்ணத்தக்கது இதுவே. முப்பது வயதுடையவளை ஆறு வயதுச் சிறுமியரின் வரிசையிற் கடைசியாக நிறுத்தினால், அவள் மூன்றாம் வாரம் வரமாட்டாள். அவளுக்கு மறதி இல்லை, மனமே இல்லாமற் போய்விடும். தாய்மார்க்கென வாரத்தில் ஒருமுறை, பிள்ளைகளின் வகுப்பு நடைபெறும் அதே வேளையிலோ அதற்கு அடுத்தோ, ஒரு மணிநேரம் ஒதுக்கினாற் போதும். பேலியகொடையிலிருந்து பிள்ளையைக் கூட்டிவரும் தாய்க்கு அப்பொழுது வேறொரு பயணம் வேண்டியதில்லை. காத்திருந்து கழிந்த நேரமே கற்கும் நேரமாகிவிடும். அவளுடைய கைக்குழந்தையை அந்நேரம் வைத்திருக்கப் பாட்டியோ, தந்தையோ, காத்திருக்கும் மற்றொரு தாயோ இருந்தாற் போதுமானது.

வீட்டிற் பயிற்சிக்கு நாளொன்றுக்குப் பதினைந்து நிமிடம் போதும். குழந்தை இடையில் வந்து சேலையைப் பிடித்திழுக்கும், தானும் காலைத் தட்டும், தாளம் தவறும். தவறட்டும். தாய் பிழைவிடுவதையும், நின்று மீண்டும் முதலிலிருந்து தொடங்குவதையும் பிள்ளை கண்ணாரக் காண்கிறது. முயற்சியைப் பற்றி ஆயிரம் அறிவுரை கேட்டாலும் பெறமுடியாத பாடம் அது. அன்னைக்கும் ஆசிரியை ஒருவர் உண்டு, அன்னையும் திருத்தப்படுகிறாள், அதனால் அவள் சிறுத்துவிடவில்லை என்று அறிந்த பிள்ளை, பள்ளியிலே தன் பிழையைக் கண்டு அஞ்சாது.

ஆகவே, அந்த அரைநாள் பிள்ளையிடமிருந்து திருடப்பட்டதன்று. அதன் ஒரு பங்கு பிள்ளைக்கே திரும்பி வருகிறது. எஞ்சிய பங்கு தாய்க்குரியது. அதற்கு அவள் எவரிடமும் கணக்குக் காட்ட வேண்டியதில்லை. அரங்கேற்றமும் அழைப்பிதழும் அவளுக்கு வாய்க்காமற் போகலாம். முதற்காலத்தில் ஓர் அடவைப் பிழையின்றி ஆடி முடித்த மாலையில், களனிப் பாலத்தைக் கடந்து வீடு திரும்பும்போது, கால் நோகும், மனம் நோகாது. அந்த மாலையை அவளுக்கு அளிப்பது வீட்டாரின் கையில் இருக்கிறது.