ஒளியின் கணக்கு

சிறுப்பிட்டியிற் பிறந்த சி. வை. தாமோதரம்பிள்ளை (1832–1901) வீரசோழியத்தை 1881 ஆம் ஆண்டிலும் கலித்தொகையை 1887 ஆம் ஆண்டிலும் பதிப்பித்தவர். ஏட்டுச் சுவடிகளைத் தேடியலைந்த அப்பெரியார், கட்டை அவிழ்க்கும்போதே ஏடு முறிவதையும் ஓரங்கள் உதிர்வதையும் கண்டு நொந்து, அதனைத் தம் பதிப்புரையில் எழுதிவைத்தார். அன்று சுவடியைக் காக்கும் வழிகள் இரண்டு: வேறோர் ஏட்டில் எழுதிக்கொள்ளுதல், அன்றேல் அச்சேற்றுதல். இன்று டிஜிட்டல் கமரா மூன்றாவது வழியாக வந்துள்ளது. 2005 ஆம் ஆண்டிலே தொடங்கப்பெற்ற ‘நூலகம்’ என்னும் எண்ணிம நூலகம் ஈழத்து நூல்களையும் இதழ்களையும் சுவடிகளையும் படிமங்களாக்கிப் பேணி வருகிறது. தம் முன்னோர் விட்டுச்சென்ற வைத்திய ஏட்டையும் சோதிட ஏட்டையும் வீட்டிலேயே படமெடுக்க முற்படுவோரும் உளர்.

இம்முயற்சியிலே ஒன்றை மறத்தலாகாது. பழைய ஏடு, தொடுந்தோறும் தேய்வது. படம் பிழைத்துவிட்டது, மீண்டும் எடுப்போம் என்று கட்டை இரண்டாம் முறை அவிழ்த்தால், முதன்முறை இருந்த ஓரெழுத்து அப்பொழுது இல்லாதிருக்கலாம். 1981 ஆம் ஆண்டு மே 31 ஆந் திகதி இரவு தொடங்கி எரியூட்டப்பட்ட யாழ்ப்பாணப் பொது நூலகத்தில் ஏறத்தாழ 97,000 நூல்கள் ஏட்டுச் சுவடிகளோடு சாம்பராயின. படியெடுத்து வைக்கப்படாதவை மீளவேயில்லை. ஆதலின், படமெடுப்பதும் வேண்டும். முதன்முறையே செவ்வையாக எடுப்பதும் வேண்டும்.

செவ்வையாக வந்ததென்பதை அவ்விடத்திலேயே எங்ஙனம் அறிவது? பெரும்பாலோர் கமராவின் பின்புறத் திரையைப் பார்த்து அமைதியடைகின்றனர். சித்திரை வெயிலில் விறாந்தையிலே நின்று பார்ப்பவருக்கு நல்ல படமும் இருண்டு தோன்றும். அதனை நம்பி ஒளியைக் கூட்டினால் ஏடு வெளிறிப்போகும். இருண்ட அறையிற் பார்ப்பவருக்கோ மங்கிய படமும் பிரகாசமாய்த் தோன்றும். கண் சூழலுக்கேற்பத் தன்னை மாற்றிக்கொள்ளும் இயல்புடையது. ஆகவே கண்ணின் தீர்ப்புக்குத் துணையாக ஓர் எண் கணக்கு வேண்டப்படுகிறது. அதுவே ஹிஸ்டோகிராம்.

இது புதியதொரு வித்தையன்று. கணித பாடத்தில் வலையுருவரையம் என்று மாணவர் வரைவதே இது. பரீட்சையில் எத்தனை மாணவர் எந்த வகுப்பாயிடையிற் புள்ளி பெற்றனர் என்பதைச் செவ்வகங்களின் உயரத்தாற் காட்டுகிறோம் அல்லவா? கமரா மாணவருக்குப் பதிலாகப் படப்புள்ளிகளை எண்ணுகிறது. முழுக் கருமைக்கு 0, முழு வெண்மைக்கு 255. இடையிலே சாம்பல் நிறப் படிகள். ஒவ்வொரு படியிலும் எத்தனை படப்புள்ளிகள் உள்ளனவோ அத்தனை உயரத்திற்கு அவ்விடத்தில் மேடு எழும்பும். இடப்புறம் இருள், வலப்புறம் ஒளி. 2 கோடியே 40 இலட்சம் படப்புள்ளிகளையும் ஒரு நொடியில் எண்ணிக் காட்டும் இக்கணக்கு வெயிலுக்கும் நிழலுக்கும் மயங்குவதில்லை.

மேடு வலப்புறச் சுவரில் மோதிக் குவிந்திருந்தால், அப்பகுதி முழு வெண்மையாகிவிட்டதென்பது பொருள். அங்கே கீறப்பட்டிருந்த எழுத்தின் சுவடு படத்திற் பதியவில்லை. பின்னர் கணினியில் எத்துணை இருட்டினாலும் இல்லாத எழுத்துத் தோன்றாது. இடப்புறச் சுவரில் குவிந்தால் நுட்பங்கள் கருமையில் மூழ்கின. எனவே வேண்டிய பொருளுக்குரிய மேடு இரு சுவர்களையும் தொடாமல் நிற்றல் வேண்டும்.

கமராவின் தானியங்கி அளவீடு ஏன் இதனைத் தானே செய்வதில்லை? பார்ப்பது எதுவாயினும் அதன் சராசரி நடுத்தரச் சாம்பல் நிறம் என்று கருதுவது அவ்வளவீட்டின் பழக்கம். கருந்துணியின் மேல் ஏட்டை வைத்தால், துணியின் கருமையைக் கண்டு ஒளியைக் கூட்டிவிடும்; மெல்லிய ஏடு வெளிறி, மை பூசப்பெறாத நுண்ணிய கீறல்கள் மறையும். வெள்ளைத் துணியின் மேல் வைத்தால் ஒளியைக் குறைத்துவிடும். கபில நிற ஏடும் கரிய எழுத்தும் ஒன்றோடொன்று கலந்துபோகும்.

கருந்துணியில் எடுத்த படத்தின் வரையத்தில் இரு மேடுகள் தெரியும். இடப்புறத்தது துணி, அதனைப் பொருட்படுத்த வேண்டா. மற்றையது ஏடு. அது வலச்சுவரை நெருங்கினால், கூட்டல் கழித்தற் குறியுடைய திருத்தப் பொத்தானாற் குறைக்கலாம். அல்லது சட்டர் வேகத்தை 1/60 செக்கனிலிருந்து 1/125 செக்கனுக்கு மாற்றினால் ஒளி ஏறத்தாழப் பாதியாகும். விளக்கும் ஏட்டின் இடமும் மாறாதிருப்பின், கைமுறை அமைப்பில் அளவை ஒருமுறை நிறுவிவிட்டு, கட்டு முடியும்வரை அதனையே பின்பற்றுதல் நன்று. சிவப்பு, பச்சை, நீலம் ஆகிய மூன்றுக்கும் தனித்தனி வரையம் காட்டும் கமராவாயின் அவற்றையும் பார்த்தல் வேண்டும். மஞ்சள் கலந்த ஏட்டிலே சிவப்பு மட்டும் சுவரை முட்ட, பொது வரையம் குற்றமற்றதாய்த் தோன்றுவதுண்டு.

மேடு எப்பொழுதும் நடுவிலேயே நிற்றல் வேண்டுமோவெனின், அன்று. நல்லூர்ச் சப்பறத் திருவிழாவை இரவிலே படமெடுத்தால் மேடு இடப்புறம் திரளும். ஆனையிறவு உப்பளத்து உப்புக் குவியலை எடுத்தால் வலப்புறம் திரளும். இவை பிழையல்ல; பொருளின் இயல்பு. வரையம் ஒளியின் பங்கீட்டைச் சொல்லுமேயன்றி, படம் கூர்மையாக உள்ளதா, ஏட்டின் வரிசை பிறழ்ந்ததா என்பவற்றைச் சொல்லாது. அவற்றைப் படத்தைப் பெருக்கிப் பார்த்தும் ஏட்டெண்ணை ஒப்புநோக்கியும் அறிதல் வேண்டும்.

கட்டின் முதலேட்டைப் படமெடுத்தவுடன் வரையத்தைப் பார்த்தல், இடையே பத்து ஏட்டுக்கு ஒருமுறை பார்த்தல், கயிற்றைக் கட்டுமுன் இறுதியாகப் பார்த்தல் என்னும் இம்மூன்றுக்கும் ஆகும் நேரம் சில நிமிடங்களே. கட்டிய கயிற்றை மறுமுறை அவிழ்க்கும் தேவையை அச்சில நிமிடங்கள் தவிர்த்துவிடும். ஓரஞ் சொரியும் ஏட்டுக்கு அதனினும் பெரிய உதவி வேறில்லை.