எபிசோட் 41: என் கவிதையில் அந்தப் பையன் இல்லை

இந்த வாரம் ஆவுடையார்கோவில்ல, தாத்தா வீட்டுத் திண்ணையில உட்கார்ந்து பேசுறேன். நடுவுல ஆடு கத்தினா பொறுத்துக்கோங்க.

இந்த ஊர்க் கதை உங்களுக்குத் தெரிஞ்சிருக்கும். படைக்குக் குதிரை வாங்கச் சொல்லி பாண்டிய ராஜா கொடுத்த பணத்தை, மாணிக்கவாசகர் இங்கே கோயிலுக்குச் செலவழிச்சுட்டார்னு சொல்வாங்க. சின்ன வயசுல எனக்கு அது ஜாலியான கதை. இப்போ அதுல ஒரு கேள்வி இருக்கு. போர் முன்னாடி ஒரு கவிஞரால என்ன செய்ய முடியும்?

2013 பிப்ரவரி. நான் பிளஸ் ஒன். பிரபாகரனோட இளைய மகன் பாலச்சந்திரனோட படங்கள் வெளிவந்தன. ஒண்ணுல மணல் மூட்டைகளுக்குப் பக்கத்துல உட்கார்ந்து ஏதோ சாப்பிடுறான். இன்னொண்ணுல மார்பில் குண்டுக் காயங்களோட கிடக்கிறான். 2009 மே மாசம், வயசு 12. தாங்கள் கொல்லவில்லைன்னு இலங்கை ராணுவம் மறுத்தது. அடுத்த மாசம் தமிழ்நாடு முழுக்க மாணவர்கள் தெருவுக்கு வந்தாங்க. நான் ஒரு கவிதை எழுதினேன். ஸ்கூல்ல கைதட்டல் கிடைச்சுது.

நேத்து அந்த நோட்டு கிடைச்சுது. படிச்சுப் பார்த்தேன். புலிக்குட்டி இருக்கு, வீரம் இருக்கு, ரத்தம் இருக்கு. பையன் இல்லை. அவன் 1996ல பிறந்தவன், நானும்தான். எனக்கு அப்போ பரீட்சை பயம் இருந்துச்சு, பசி இருந்துச்சு. அவனுக்கு மட்டும் நான் ஏன் வீரத்தை மட்டும் கொடுத்தேன்?

புறநானூறு 46வது பாட்டு இங்கேதான் ஞாபகம் வந்தது. சோழன் கிள்ளிவளவன், எதிரி மலையமானோட பிள்ளைகளை யானைக் காலில் இடப் போறான். கோவூர் கிழார் குறுக்கே வந்து பாடுறார். உன் குலம் புறாவுக்காக உடலைத் தந்த குலம், இவங்க குலம் புலவர்களோட சோறு பகிர்ந்த குலம்னு சொல்றார். அப்புறம் பிள்ளைகளைக் காட்டுறார். யானையைப் பார்த்ததும் அழுகையையே மறந்துட்டாங்க, புது இடத்தை மிரண்டு பார்க்கிறாங்க, அவ்வளவுதான். எதிரியோட வாரிசு போய் அங்கே சின்னப் பசங்க நிக்கிறாங்க. அவர் பாடி அவங்களைக் காப்பாத்தினார்னு பாட்டோட அடிக்குறிப்பே சொல்லுது.

நாம எழுதுறது பெரும்பாலும் இறந்த பிறகு. யாரையும் காப்பாத்தாது. ஆனா அவர் பார்த்த மாதிரி பார்க்கலாம்.

எனக்கு உறுத்துறது இன்னொண்ணு. அவர் பாடினது எதிரியோட பிள்ளைகளுக்காக. 2006 ஜூன்ல இலங்கையில கெப்பித்திகொல்லாவ பக்கம் கண்ணிவெடியில ஒரு பஸ் சிக்கி, அறுபதுக்கும் மேல சிங்கள மக்கள் இறந்தாங்க. அதுல குழந்தைகளும் உண்டு. புலிகள்மேல குற்றம் சாட்டினாங்க, புலிகள் மறுத்தாங்க. அந்தக் குழந்தைகளைப் பத்தி என் நோட்டுல ஒரு வரி இல்லை. அப்படி ஒரு ஊர் இருக்குன்னே எனக்குத் தெரியாது. இதைச் சொன்னா பாலச்சந்திரனுக்கு நடந்தது சின்னதாகிடுமான்னு ரொம்ப நாள் பயந்தேன். ஆகாது.

நேத்து ராத்திரி பழைய கவிதையை அடிச்சுட்டு மறுபடி ஆரம்பிச்சேன். ரெண்டு வரிதான் வந்திருக்கு. ரெண்டுமே அவன் சாப்பிடுறதைப் பத்தி. மூணாவது வரிக்கு இன்னும் தைரியம் வரல.

உங்ககிட்டயும் இப்படி ஒரு பழைய நோட்டு இருந்தா எடுத்துப் பாருங்க. அடுத்த வாரம் பேசலாம்.