திரிந்த பாலும் திரித்த பாலும்

பேரகலையிலிருந்து வெல்லவாயவுக்கு இறங்கும் மலைப்பாதையில் உள்ளது கொஸ்லந்த. அதனைச் சூழ்ந்த தேயிலைத் தோட்டங்களில், கொழுந்து பறிப்பதோடு கறவைப் பசு வளர்ப்போரும் உளர். வைகறையிற் கறக்கும் பால் பெரும்பாலும் விற்பனைக்குப் போய்விடும். பசுவுக்குப் புல்லறுத்த வீட்டின் பிள்ளைக்கோ சாயத்தண்ணியே மிஞ்சும்.

இது சிறு குறையன்று. 2016ஆம் ஆண்டுக் குடித்தொகை, சுகாதார ஆய்வின்படி, இலங்கையில் ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகளுள் நூற்றுக்கு ஏறக்குறைய 17 பேர் வயதுக்கேற்ற உயரமின்றி இருந்தனர். பெருந்தோட்டங்களிலோ அத்தொகை ஏறக்குறைய 32. இதற்குக் காரணங்கள் பல. பால் ஒன்றே மருந்தாகாது. எனினும், வாரம் ஒரு லீற்றர் பாலையேனும் வீட்டில் நிறுத்தினால், அதனைக் குடும்பம் முழுவதற்கும் ஒரு வேளைக் கறியாக்க வழியுண்டு. அதுவே பாற்கட்டி, வட இந்தியர் பன்னீர் என்பது இதனையே.

பால் திரிந்தால் நட்டம் என்று இல்லத்தரசியர் வருந்துவர். ஆனால் தானே கெட்டுத் திரிந்த பால் வேறு. நல்ல பாலை வேண்டுமென்றே திரிப்பது வேறு. முன்னையதைக் கொட்டிவிடல் வேண்டும். பின்னையது உணவு. கன்று ஈன்றவுடன் வரும் சீம்பாலைக் கட்டியாக்கி உண்டு பழகிய தமிழ்க் குடும்பங்களுக்கு இது முற்றும் புதிதுமன்று.

செய்முறை எளிது. பாலை நன்கு பொங்கக் காய்ச்சி இறக்கி, சற்றே சூடு தணிந்ததும், நீர் கலந்த எலுமிச்சஞ்சாற்றைச் சிறிது சிறிதாக விட்டுக் கிளறுதல் வேண்டும். புளிப்புப் பட்டதும் பாலின் புரதம் கொழுப்பையும் பற்றிக்கொண்டு திரளும். வெளிர்பச்சை நீர் தெளிந்து பிரியும். அப்பொழுதே சாறு விடுவதை நிறுத்தி, தூய துணியில் வடித்து, குளிர்ந்த நீரில் அலசி, முடிந்து, மேலே பாரம் வைத்தால் ஒரு மணி நேரத்தில் கட்டி இறுகும். ஒரு லீற்றர் பசும்பாலில் ஏறக்குறைய 150 கிராம் கிடைக்கும். வடிந்த நீரிலும் சத்துண்டு. ரொட்டி மாவு பிசைய அது உதவும்.

இக்கட்டி நாட்பட நில்லாது. குளிர்சாதனப் பெட்டியில்லாத லயன் வீட்டில் அன்றே சமைத்து உண்பது நலம். புளிப்போ உறைப்போ இல்லாத மென்சுவையுடையதாதலின் குழந்தைகளும் விரும்புவர். உருளைக்கிழங்கோடும் கீரையோடும் இணங்கும்.

விற்ற பாலுக்குக் காசு வரும், அக்காசும் வேண்டியதே. ஆயினும் பசுவைப் பேணும் வீட்டின் பிள்ளைக்கு அப்பசுவின் பாலில் ஒரு பங்குண்டு என்பதை மறத்தலாகாது.